இரும்பு ஊரின் இரு வாக்குகள்: மெர்த்தர் டிட்வில் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தொகுதிப் பட்டியலில் மெர்த்தர் டிட்வில் என்ற பெயர் 1832ஆம் ஆண்டில் முதன்முறையாக ஏறியது. வேல்ஸின் தென்பகுதியில், கார்டிஃப் நகருக்கு வடக்கே, டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கும் தொழில் நகரம் அது. அந்தத் தொகுதி 1918இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மிஞ்சிய பகுதி 1950இல் பழைய பெயரை மீண்டும் பெற்றது. 1983இல் பக்கத்துப் பள்ளத்தாக்கோடு சேர்க்கப்பட்டுத் தனித்தொகுதி என்ற நிலையை இழந்தது. இந்த ஒன்றரை நூற்றாண்டில் மெர்த்தர் மக்களவைக்கு அனுப்பியவர்களில் உலகின் மிகப்பெரிய இரும்பாலையின் முதலாளி உண்டு, போரே கூடாது என்று வாதாடிய சமயப் போதகர் உண்டு, பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளி உண்டு, போரை ஆதரித்து முழங்கிய தொழிற்சங்கத் தலைவரும் உண்டு. இவ்வளவு வேறுபட்டவர்களை ஒரே ஊர் எப்படித் தேர்ந்தெடுத்தது என்ற கேள்விக்கு அந்த ஊர்க்காரர்களின் மனமாற்றத்தில் மட்டும் விடை தேடினால் கிடைக்காது. வாக்களிக்கும் உரிமை எவருக்கு இருந்தது, ஒருவருக்கு எத்தனை வாக்குகள் இருந்தன, அந்த வாக்கைச் செலுத்தும்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் இத்தொகுதியின் வரலாறு விளங்கும். அவ்வழியில்தான் இன்று இதைச் சொல்ல விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவரை மெர்த்தர் ஒரு மலைக்கிராமம். இரும்புத் தாதும், நிலக்கரியும், சுண்ணாம்புக்கல்லும், ஆற்று நீரும் ஒரே இடத்தில் கிடைத்ததால் 1759இல் டவ்லைஸ் இரும்பாலை அங்கே எழுந்தது. அதையடுத்து பிளிமத், கவார்த்வா, பெனிடாரன் என்று மேலும் மூன்று ஆலைகள் வந்தன. 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,705 மக்களோடு வேல்ஸிலேயே பெரிய ஊராக மெர்த்தர் பதிவாயிற்று. 1804இல் ரிச்சர்ட் டிரெவிதிக் உருவாக்கிய நீராவி எஞ்சின் பத்து டன் இரும்பையும் ஏறத்தாழ எழுபது மனிதர்களையும் இழுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடியது இந்த ஊரின் பெனிடாரன் ஆலையிலிருந்துதான். ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் அனைவரும் தொட்டுச்செல்லும் நிகழ்ச்சி அது. ஆனால் அந்த இரும்பை உருக்கியவர்களுக்கு அன்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை. நகராட்சிகூட இல்லை, மெர்த்தருக்கு நகராட்சி கிடைத்தது 1905இல்தான். அதே காலத்தில் இங்கிலாந்தின் தெற்கே ஓல்டு சாரம் என்னும், குடியிருப்பே அற்றுப்போன ஒரு மேடு, இரண்டு உறுப்பினர்களை மக்களவைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இடைக்காலத்தில் உருவான தொகுதிப் பட்டியலை எவரும் திருத்தாமல் விட்டதன் விளைவு இது.

1831ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மெர்த்தரில் எழுச்சி வெடித்தது. இரும்பு விலை சரிந்து, கவார்த்வா ஆலையின் முதலாளி வில்லியம் கிராஷே கூலியைக் குறைத்திருந்தார். கடன் வழக்குகளை விசாரித்த ஒரு சிறு நீதிமன்றத்தின் ஆட்கள், கடனைக் கட்ட முடியாத தொழிலாளர்களின் வீடுகளில் புகுந்து தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்துகொண்டிருந்தார்கள். நாடாளுமன்றச் சீர்திருத்தம் வேண்டும் என்ற கிளர்ச்சி நாடெங்கும் நடந்த நேரம் அது. கூலியும் கடனும் வாக்குரிமையும் ஒரே கோபமாகத் திரண்டன. கூட்டம் ஜப்தி செய்யப்பட்ட பொருள்களை மீட்டு உரியவர்களிடம் கொடுத்தது, நீதிமன்ற ஆவணங்களை எரித்தது, செங்கொடி ஏந்தியது. ஜூன் 3ஆம் நாள் காஸில் விடுதியின் முன்னால் ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் சுட்டதில் குறைந்தது பதினாறு பேர் மாண்டார்கள். ஆயினும் சில நாட்கள் ஊர் தொழிலாளர்களின் கையிலேயே இருந்தது.

எழுச்சி அடக்கப்பட்டபின் இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லூயிஸ் லூயிஸ் என்பவரின் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. டிக் பென்டெரின் என்று மக்கள் அழைத்த ரிச்சர்ட் லூயிஸ் என்ற இளம் சுரங்கத் தொழிலாளி, ஒரு படைவீரரைக் காலில் குத்திக் காயப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1831 ஆகஸ்ட் 13ஆம் நாள் கார்டிஃபில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு அரசிடம் சென்றது. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஓர் இரும்பாலை உரிமையாளரே அவருக்காக லண்டனுக்குப் பயணம் செய்து மன்றாடினார். பயனில்லை. அவர் குற்றமற்றவர் என்ற நம்பிக்கை தென் வேல்ஸில் இன்றுவரை மாறவில்லை. கிடைக்கும் சான்றுகளைப் பார்க்கும்போது எனக்கும் அதுவே நியாயமாகத் தோன்றுகிறது.

இந்த எழுச்சி நடந்து ஓராண்டுக்குள் மெர்த்தருக்குத் தனித்தொகுதி கிடைத்தது. சீர்திருத்த மசோதாவின் முதல் வடிவத்தில் மெர்த்தரைக் கார்டிஃப் தொகுதியோடு ஒட்டவைப்பதாகவே திட்டம் இருந்தது. பின்னர் அது மாற்றப்பட்டு, அண்டைப் பள்ளத்தாக்கான அபர்டேரையும் உள்ளடக்கி, ஓர் உறுப்பினருக்கான தொகுதியாக மெர்த்தர் அறிவிக்கப்பட்டது. ஆனால் வாக்குரிமை, ஆண்டுக்கு பத்து பவுண்டு மதிப்புள்ள வீட்டையோ கடையையோ வைத்திருந்த ஆண்களுக்கு மட்டும். மெர்த்தர் வட்டத்தில் மட்டும் 22,000 பேர் வாழ்ந்த காலத்தில், அபர்டேரையும் சேர்த்து அப்படித் தகுதி பெற்ற வாக்காளர்கள் 502 பேர். உலையில் நின்றவனும் சுரங்கத்தில் குனிந்தவனும் அவர்களில் இல்லை. கடைக்காரர்களும், வழக்கறிஞர்களும், ஆலை அதிகாரிகளும், விடுதி உரிமையாளர்களும்தான் அந்த 502 பேர். துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் ஊருக்குத் தொகுதி வந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு வாக்கு வரவில்லை.

அந்த வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவர் டவ்லைஸ் ஆலையின் அதிபர் ஜோசையா ஜான் கெஸ்ட். 1832 டிசம்பரில் போட்டியின்றி வென்ற அவர், 1852இல் இறக்கும்வரை, இருபது ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார். இதற்கிடையே 1837இல் மட்டும் எதிர்ப்பைச் சந்தித்து எளிதில் வென்றார். 1840களின் நடுவில் டவ்லைஸ் ஆலையில் பதினெட்டு ஊது உலைகள் எரிந்தன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். உலகிலேயே பெரிய இரும்பாலை அதுதான். கெஸ்ட் கொடுங்கோலர் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். அவருடைய மனைவி சார்லட் கெஸ்ட் வேல்ஸ் மொழி கற்று, அம்மொழியின் இடைக்காலக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தவர். கணவர் இறந்தபின் ஆலையையும் நிர்வகித்தவர். இருந்தாலும் ஒரு ஊரில் கூலி தருகிறவரும், வீட்டுக்குச் சொந்தக்காரரும், சட்டமியற்றும் அவைக்குப் பிரதிநிதியும் ஒரே மனிதராக இருக்கும்போது, அந்த ஊர்க்காரர் தம் குறையை எவரிடம் போய்ச் சொல்வார்? 1849இல் காலரா பரவி மெர்த்தரில் 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊருக்குக் கழிவுநீர் வடிகாலும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை.

வாக்கற்றவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு உள்ளிட்ட ஆறு கோரிக்கைகளை முன்வைத்த சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்கு மெர்த்தர் ஒரு கோட்டையாக விளங்கியது. வேல்ஸ் மொழியில் அந்த இயக்கத்தின் பத்திரிகையை 1840 முதல் 1842 வரை இங்கேயே அச்சிட்டார்கள். மார்கன் வில்லியம்ஸ் என்ற உள்ளூர் நெசவாளர் அதன் ஆசிரியர்களில் ஒருவர். இந்த இயக்கத்தில் பழகிய கைகள்தான் கால் நூற்றாண்டுக்குப் பின் மெர்த்தரின் தேர்தலைப் புரட்டிப் போட்டன என்பது என் கருத்து.

கெஸ்ட் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்தவர் ஹென்றி ஆஸ்டின் புரூஸ். இவர் மெர்த்தரின் சம்பளம் பெறும் நீதிபதியாக இருந்தவர். கெஸ்ட் குடும்பத்தின் சார்பில் டவ்லைஸ் ஆலையின் அறங்காவலர். படித்தவர், லிபரல் கட்சிக்காரர், அமைச்சர் பதவிக்குத் தகுதியானவர். பதினாறு ஆண்டுகள் அவரை அசைக்க எவராலும் முடியவில்லை. அசைத்தது 1867ஆம் ஆண்டின் இரண்டாம் சீர்திருத்தச் சட்டம். நகரத் தொகுதிகளில் குடும்பத் தலைவராக வீடெடுத்துக் குடியிருந்து உள்ளூர் வரி செலுத்தும் ஆண்களுக்கு அச்சட்டம் வாக்களித்தது. மெர்த்தரின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 1,400இலிருந்து 14,577ஆகப் பத்து மடங்கு தாவியது. கூடவே மெர்த்தருக்கு இரண்டாவது உறுப்பினரையும் தந்தார்கள்.

இங்கே தேர்தல் முறையைச் சற்று விளக்க வேண்டும். இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. இரண்டு பேருக்குப் பகிர்ந்து போடலாம், அல்லது ஒன்றை மட்டும் போட்டு மற்றதைப் பயன்படுத்தாமல் விடலாம். சுதந்திர இந்தியாவில் 1952, 1957 பொதுத் தேர்தல்களிலும் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்ததை மூத்த நேயர்கள் நினைவுகூரக்கூடும். 1961இல்தான் இங்கே அந்த முறை நீக்கப்பட்டது. இரண்டு வாக்குகள் இருக்கும்போது வாக்காளர் ஒன்றைக் கடமைக்கும் மற்றொன்றை மனசாட்சிக்கும் போட இடமுண்டு. மெர்த்தரின் கதையில் இந்த இரண்டாவது வாக்கு இரண்டு முறை வரலாற்றையே திருப்பியது.

முதல் முறை 1868 நவம்பர். புதிய வாக்காளர்களில் பெரும்பாலோர் வேல்ஸ் மொழி பேசுகிறவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத சிறு ஆலயங்களின் உறுப்பினர்கள். அபர்டேர் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் மெர்த்தரின் உலைகளிலும் உழைத்தவர்கள். அவர்களுக்குப் பல மனக்குறைகள் இருந்தன. சுரங்கங்களில் இரட்டை ஷிப்டு முறையைப் புகுத்தும் முயற்சியை, விபத்தைக் கூட்டும் ஏற்பாடு என்று தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். புரூஸ் அம்முறையை ஆதரித்தார். ஓராண்டுக்கு முன்னால்தான், 1867 நவம்பரில், அருகிலிருந்த ரோண்டா பள்ளத்தாக்கின் ஃபெர்ன்டேல் சுரங்க வெடிப்பில் 178 பேர் இறந்திருந்தார்கள். இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையிலும் புரூஸ் தயங்கினார். இந்நிலையில் ஆலயங்களும் தொழிலாளர் குழுக்களும் சேர்ந்து ஹென்றி ரிச்சர்டை வேட்பாளராக நிறுத்தின. டிரெகாரன் என்ற சிற்றூரில் பிறந்த போதகர் அவர். இருபது ஆண்டுகளாக லண்டனில் சமாதானச் சங்கத்தின் செயலாளராக இருந்து, நாடுகளுக்கிடையிலான சச்சரவுகளைப் போரால் அல்லாமல் நடுவர் மன்றத்தால் தீர்க்க வேண்டும் என்று ஐரோப்பா முழுவதும் பேசிவந்தவர். மூன்றாவது வேட்பாளர் அபர்நாண்ட் இரும்பாலை உரிமையாளர் ரிச்சர்ட் ஃபாதர்கில்.

முடிவு வந்தபோது ஹென்றி ரிச்சர்டுக்கு 11,683 வாக்குகள், ஃபாதர்கில்லுக்கு 7,439, புரூஸுக்கு 5,776. பதவியில் இருந்த உறுப்பினர் தோற்றார். இந்த எண்களை வெறும் எண்களாகக் கேட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. அப்போது இரகசிய வாக்கெடுப்பு கிடையாது. வாக்காளர் மேடைக்குச் சென்று தாம் விரும்பும் பெயரை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அந்த ஏட்டை எவரும் பார்க்கலாம். தமக்குப் படியளக்கும் முதலாளிகளின் கண்ணெதிரே, ஆலை அறங்காவலரைக் கைவிட்டு, 11,683 பேர் ஒரு சமாதானப் போதகரின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். அந்தத் துணிவுக்கு என்ன விலை என்பது வேல்ஸின் நாட்டுப்புற மாவட்டங்களில் அதே தேர்தலில் தெரிந்தது; நிலக்கிழாருக்கு எதிராக வாக்களித்த குத்தகைக்காரர்கள் பலர் நிலத்தைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கொடுமையை 1869இல் மக்களவையில் எழுப்பியவர் மெர்த்தரின் உறுப்பினர் ஹென்றி ரிச்சர்ட். 1872இல் இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வருவதற்கு அந்த விவாதமும் ஒரு காரணம். தோற்ற புரூஸ் பிரதமர் கிளாட்ஸ்டனின் உள்துறை அமைச்சராகி, வேறொரு தொகுதியில் வென்றார். அந்தச் சட்டம் நிறைவேறியது அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான்.

ஹென்றி ரிச்சர்ட் இருபது ஆண்டுகள், 1888இல் இறக்கும்வரை, மெர்த்தரின் உறுப்பினராக இருந்தார். 1873 ஜூலையில் சர்வதேச நடுவர் தீர்ப்பு முறைக்கு ஆதரவாக அவர் கொண்டுவந்த தீர்மானம் 98க்கு 88 என்ற கணக்கில் மக்களவையில் நிறைவேறியது. பேரரசு ஒன்றின் நாடாளுமன்றத்தில், இரும்பு உருக்கும் ஊரின் உறுப்பினர் ஒருவர் அதைச் சாதித்தார் என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி.

ஆனால் ரிச்சர்ட் தொழிலாளர்களின் பிரதிநிதியே தவிர, தொழிலாளி அல்லர். 1874 தேர்தலில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் தாமஸ் ஹாலிடே மெர்த்தரில் நின்று 4,912 வாக்குகள் பெற்றார், வெல்லவில்லை. அந்த முயற்சிக்குப் பின் கால் நூற்றாண்டுக்கு இரண்டு இடங்களும் லிபரல்களிடமே இருந்தன. 1888இல் நடந்த இரண்டு இடைத்தேர்தல்களில் நிலக்கரி அதிபர் டி.ஏ. தாமஸும், தங்கச் சுரங்க உரிமையாளர் பிரிட்சர்ட் மார்கனும் உறுப்பினர்கள் ஆனார்கள். ஒரே கட்சியைச் சேர்ந்த அவ்விருவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். அந்த வெறுப்பு பின்னால் பெரும் பலன் தந்தது.

1898இல் தென் வேல்ஸ் நிலக்கரி முதலாளிகள் சுரங்கங்களைப் பூட்டினார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் கூலியின்றிக் கிடந்து தோற்ற தொழிலாளர்கள், அந்தத் தோல்வியிலிருந்து தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அந்தப் போராட்டக் காலத்தில் பள்ளத்தாக்குகளுக்கு வந்து பேசியவர்களில் ஒருவர் கெய்ர் ஹார்டி. ஸ்காட்லாந்தில் 1856இல் ஏழைத் தாய்க்குப் பிறந்து, பத்து வயதில் சுரங்கத்தில் காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலைக்குச் சென்றவர். 1892இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியில் வென்று, மூன்றாண்டுக்குப் பின் தோற்றவர். தென் வேல்ஸ் மக்கள் அவரை அறிந்ததற்கு முன்னரே ஒரு காரணம் இருந்தது. 1894 ஜூன் 23ஆம் நாள் பொன்டிபிரிட் அருகே கில்வினித் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் ஏறத்தாழ 290 பேர் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மக்களவை குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தபோது, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இரங்கலையும் சேர்க்க வேண்டும் என்று ஹார்டி கேட்டார். அவை மறுத்தது. தனியொருவராக எழுந்து அவர் அந்த வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார். அவை முழுவதும் கூச்சலிட்டு அவரை அடக்க முயன்றது.

1900 அக்டோபர் பொதுத் தேர்தல் தென்னாப்பிரிக்கப் போரின் வெறியில் நடந்தது. அந்தப் போரை வெளிப்படையாக எதிர்த்த ஹார்டி, பிரெஸ்டன், மெர்த்தர் என்னும் இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் வேட்பாளரானார். பிரெஸ்டனில் தோற்றபின் மெர்த்தரில் பரப்புரை செய்ய அவருக்குக் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். ஆனாலும் வென்றார். தாமஸுக்கு 8,598, ஹார்டிக்கு 5,745, மார்கனுக்கு 4,004. இங்கேதான் இரண்டாவது வாக்கு மறுபடியும் வேலை செய்தது. தாமஸும் போரை விரும்பாதவர். தம் கட்சிக்காரரான மார்கன் தோற்பதை விரும்பியவர். அவருடைய ஆதரவாளர்கள் பலர் தங்கள் இரண்டாவது வாக்கைச் சுரங்கத் தொழிலாளியான ஹார்டிக்குப் போட்டார்கள். ஒரு நிலக்கரி முதலாளியின் ஆதரவாளர்கள் ஒரு சோஷலிஸ்டை வெற்றி பெறச் செய்த வினோதம், ஒற்றை உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் நடந்திருக்காது. ஆனால் அதை மட்டுமே வைத்து ஹார்டியின் வெற்றியைத் தற்செயல் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களோடு நான் உடன்படவில்லை. 1868இல் சமாதானப் போதகரைத் தேர்ந்தெடுத்த மரபு, 1874இல் ஹாலிடேக்கு விழுந்த வாக்குகள், 1898இன் பசி என்று முப்பதாண்டுத் தயாரிப்பு அதன் பின்னால் இருந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில்தான் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு, அதாவது பின்னாளைய தொழிற்கட்சி, தொடங்கப்பட்டிருந்தது. அதன் சார்பில் அத்தேர்தலில் வென்றவர்கள் இருவரே: டெர்பியில் ரிச்சர்ட் பெல், மெர்த்தரில் ஹார்டி. 1906இல் அந்தக் குழு 29 இடங்களைப் பெற்றுக் கட்சியாக மாறியபோது அதன் நாடாளுமன்றக் குழுவுக்கு முதல் தலைவர் மெர்த்தரின் உறுப்பினரே. அடுத்த ஆண்டு, 1907இல், அவர் இந்தியாவுக்கு வந்தார். வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கம் கொந்தளித்த நேரம். கனடாவைப் போல இந்தியாவும் தன்னைத்தானே ஆள வேண்டும் என்ற கருத்தை அவர் இங்கே வெளியிட்டதாகச் செய்தி பரவியதும், லண்டன் பத்திரிகைகள் அவரை இராஜத்துரோகி என்று வசைபாடின. நாடு திரும்பியபோது மெர்த்தர் அவரைக் கைவிடவில்லை. 1910இல் நடந்த இரண்டு பொதுத் தேர்தல்களிலும் அவரையே அனுப்பியது. நம் விடுதலைக்காகப் பேசிய ஒருவருக்கு நாடாளுமன்றத்தில் நிற்க இடம் கொடுத்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளர்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

இதே மக்களைப் பற்றி அடுத்து சொல்ல வேண்டியது கசப்பானது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு புகழுரையாகிவிடும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கிய இரண்டே நாட்களில், அபர்டேரில் ஹார்டி பேசிய போர் எதிர்ப்புக் கூட்டம் கூச்சலால் குலைக்கப்பட்டது. அவரைத் தோளில் சுமந்த ஊரிலேயே அவரைப் பேசவிடவில்லை. அந்த எதிர்ப்புக்கு முன்னின்றவர் சார்லஸ் ஸ்டான்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் முகவர், அதாவது தொழிற்சங்கத்தின் முழுநேர அலுவலர்; சில ஆண்டுகளுக்கு முன்னர்வரை தீவிரமான வேலைநிறுத்தங்களின் தலைவராக இருந்தவர். உடலும் மனமும் நொந்த ஹார்டி 1915 செப்டம்பர் 26இல் இறந்தார். நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராக நின்றவர் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் ஜேம்ஸ் வின்ஸ்டன். அவரை எதிர்த்துப் போர் ஆதரவாளராக நின்ற ஸ்டான்டன் 10,286 வாக்குகள் பெற்றார், வின்ஸ்டனுக்கு 6,080. ஹார்டியின் இடத்தில் ஹார்டியைக் கூச்சலிட்டு அடக்கியவர் அமர்ந்தார்.

இதற்குப் பொருத்தமான விளக்கம் என்ன? பதினையாண்டுகளாக ஹார்டிக்கு விழுந்த வாக்குகள் எல்லாம் போர் எதிர்ப்பு வாக்குகள் அல்ல. இரட்டை வாக்கு முறை பலவகைப்பட்ட ஆதரவுகளை ஒரே பெட்டியில் சேர்த்து வைத்திருந்தது. லிபரல் வாக்காளரின் இரண்டாம் விருப்பம், சங்கத் தோழரின் முதல் விருப்பம், ஆலயத்தாரின் மரியாதை என்று எல்லாம் அதில் கலந்திருந்தன. 1915இல் ஒரே இடம், இரண்டே வேட்பாளர்கள், ஒரே கேள்வி. மகன்களும் தம்பிகளும் போர்முனையில் இருந்த வீடுகள் தந்த விடை அது. அந்த விடையை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த வீடுகளின் அச்சத்தைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1918ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் எல்லா ஆண்களுக்கும், முப்பது வயது கடந்த பெண்களில் பெரும்பாலோருக்கும் வாக்குரிமை வழங்கியது. அதோடு பழைய இரட்டைத் தொகுதி மெர்த்தர், அபர்டேர் என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டாவது வாக்கின் காலம் முடிந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் இரண்டு இடங்களிலும் போர்க்கால அரசை ஆதரித்தவர்களே வென்றார்கள். ஆனால் 1922இல் காற்று திரும்பி, மெர்த்தரில் ஆர்.சி. வால்ஹெட் வென்றார். போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறை சென்றவர் அவர். ஹார்டியைக் கைவிட்ட ஏழே ஆண்டுகளில் ஹார்டியின் கொள்கைக்காகச் சிறையிருந்தவரை அதே ஊர் தேர்ந்தெடுத்தது.

அடுத்த காலம் வறுமையின் காலம். 1930இல் டவ்லைஸ் ஆலை மூடப்பட்டது. 1921இல் எண்பதாயிரமாக இருந்த மெர்த்தரின் மக்கள்தொகை 1931இல் எழுபத்தோராயிரமாகக் குறைந்தது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் இங்கிலாந்தின் தெற்கு நகரங்களுக்குச் சென்றார்கள். ஊரையே கைவிட்டு மக்களை வேறிடத்தில் குடியமர்த்தலாம் என்ற யோசனைகூட அந்தப் பத்தாண்டின் இறுதியில் முன்வைக்கப்பட்டது. 1936 நவம்பரில் எட்டாம் எட்வர்டு மன்னர் டவ்லைஸின் மூடிய ஆலையைப் பார்வையிட்டு, ஏதாவது செய்தாக வேண்டும் என்றார். 1894இல் எந்தக் குழந்தையின் பிறப்பை வாழ்த்திய அவை சுரங்கத்தில் மாண்டவர்களை மறந்ததோ, அந்தக் குழந்தைதான் இந்த மன்னர். அடுத்த மாதமே அவர் முடிதுறந்தார்.

வால்ஹெட் இறந்தபின் 1934 இடைத்தேர்தலில் வென்ற எஸ்.ஓ. டேவிஸ், ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். அபர்டேர் பள்ளத்தாக்கில் பிறந்து, சுரங்கத்தில் வேலை செய்து, டவ்லைஸில் தொழிலாளர் முகவராக இருந்தவர். கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறியதற்காகத் தொழிற்கட்சி அவரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தண்டித்தது. வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று 1955இல் மசோதா கொண்டுவந்து தோற்றார்.

1966 அக்டோபர் 21ஆம் நாள் காலை, அவருடைய தொகுதியிலிருந்த அபர்வான் கிராமத்தின்மீது சுரங்கக் கழிவு மலை சரிந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியின் வகுப்பறைகளில் இருந்தவர்கள். விசாரணை மன்றம் 1967இல் தேசிய நிலக்கரி வாரியத்தின்மீது பழி சுமத்தியது. அந்த மன்றத்தின் முன் சாட்சியம் அளித்த டேவிஸ், அந்தக் கழிவுக் குவியலைப் பற்றித் தமக்கு முன்னரே அச்சம் இருந்தது என்றும், அதைப் பெரிதாக எழுப்பினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்று தயங்கியதாகவும் சொன்னார். அந்தச் சாட்சியத்தின் கனத்தை அவர் உணர்ந்துதான் பேசினாரா என்று மன்றம் ஐயம் தெரிவித்தது. தொழில் ஒன்றையே நம்பிய ஊரின் பிரதிநிதிக்கு எப்போதும் கழுத்தில் தொங்கும் சுமை அந்தத் தயக்கத்தில் தெரிகிறது: பிழைப்பைக் காப்பதா, உயிரைக் காப்பதா? இரண்டையும் சேர்த்துக் கேட்கும் உரிமை மெர்த்தருக்கு ஒருபோதும் முழுமையாகக் கிடைத்ததில்லை. மிஞ்சிய கழிவு மலைகளை அகற்றும் செலவுக்காக, மக்கள் அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை அரசு கேட்டபோது டேவிஸ் எதிர்த்தார். அந்தத் தொகை நிதிக்குத் திருப்பித் தரப்பட்டது 1997இல்தான்.

1970 பொதுத் தேர்தலுக்கு முன், வயது எண்பதைக் கடந்துவிட்டது என்று சொல்லி உள்ளூர்க் கட்சி டேவிஸுக்கு வாய்ப்பு மறுத்து வேறொருவரை நிறுத்தியது. அவர் சுயேச்சையாக நின்றார். பிரிட்டனில் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரை எதிர்த்துச் சுயேச்சையாக வெல்வது மிக அரிது. தொழிற்கட்சியின் கோட்டையில் அது நினைத்துப் பார்க்க முடியாதது. டேவிஸ் 16,701 வாக்குகள் பெற்றார்; கட்சி வேட்பாளருக்கு 9,234. இரகசிய வாக்குச் சீட்டு, வயது வந்த அனைவருக்கும் உரிமை, ஆளுக்கு ஒரே வாக்கு என்ற நிலையில், எந்த மேலிடத்தின் அனுமதியையும் பார்க்காமல் மெர்த்தர் தானே தேர்ந்தெடுத்த வெற்றி அது என்று நான் மதிப்பிடுகிறேன்.

டேவிஸ் 1972 பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் டெட் ரோலண்ட்ஸ் வென்றார். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி அவரை நெருங்கி இரண்டாம் இடத்தில் வந்தது. 1983இல் ரிம்னி பள்ளத்தாக்கு சேர்க்கப்பட்டு மெர்த்தர் டிட்வில் தனித்தொகுதியாக இருந்த காலம் முடிந்தது. 2024 எல்லை மாற்றத்தில் ரிம்னி விலகி, மெர்த்தர் டிட்விலும் அபர்டேரும் ஒரே தொகுதியாக இணைந்தன. ஹார்டியைத் தேர்ந்தெடுத்த இரண்டு பள்ளத்தாக்குகளும் 106 ஆண்டுகளுக்குப் பின் இப்போது ஒரே உறுப்பினருக்கு வாக்களிக்கின்றன.

நன்றி, வணக்கம்.